எந்த ஏழாங்கட்டை

மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். சொந்த ஊரின் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தார்கள். மதிப்பெண் உண்டு. ஐந்து மணிக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு வாங்க மாட்டார்களாம். எனக்கு இரண்டரைக்குக் கூலிம் தொழிற்சாலை பஸ்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாள். கெடாவில், பாடாங் மேஹா பக்கம். இப்போது அது இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தேன். கை நின்றது.

"ஆத்தோரம் ஆலைன்னு போட்டிருக்க. நம்ம தோட்டத்துல ஏதும்மா ஆறு?"

"இண்டர்நெட்ல அப்படித்தான் இருக்குப்பா."

"என்னான்னு போட்டுத் தேடுன?"

"நீங்க சொன்னதுதான். ஏழாங்கட்டை தோட்டம்."

நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டவுனிலிருந்து ஏழாவது மைல்கல், அதனால் ஏழாங்கட்டை. ஆனால் மைல்கல் எல்லா ரோட்டிலும் இருக்கிறது. அவள் பார்த்த பக்கத்தை மறுபடி திறந்தாள். அது பேரா மாநிலத்தில் உள்ள ஏதோ ஓர் ஏழாங்கட்டை.

"போச்சுலா! நாலு பக்கமும் போச்சு. அப்ப உண்மையான பேரு என்னாப்பா?"

தெரியவில்லை. இருபது வருடம் இருந்த இடம். வாசலுக்குப் போனேன், பஸ் வரவில்லை. உள்ளே வந்தேன். அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"ஏழாங்கட்டைதான்டா பேரு. வெயில்ல நின்னியா?" என்று வைத்துவிட்டார்.

"உங்க சூராட் பெரானாக் எங்கப்பா?" என்றாள் மகள். "பிறந்த இடம்னு ஒன்னு இருக்கும்ல."

அலமாரி இழுப்பறையைக் கவிழ்த்தேன். கிடைத்தது. வேலைக்கு, கல்யாணத்துக்கு என்று எத்தனையோ இடத்தில் காட்டிய பிறப்புப் பத்திரம். அந்த வரியை நான் வாசித்ததே இல்லை. தோட்டம் என்பதற்கு மலாயில் 'லாடாங்' என்று தொடங்கி ஒரு வெள்ளைக்காரன் பெயர்.

அவள் அதைத் தட்டினாள். பின்னால் கூலிம், கெடா என்று சேர்த்தாள்.

"மாநிலம் போடாமத்தான் மாட்டிக்கிட்டேன்."

வந்தது. கொஞ்சம்தான். எத்தனை ஏக்கர், எப்போது விற்றார்கள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்கும் ஒரு படம்.

"யாருன்னு தெரியுதாப்பா?"

பஸ் ஹார்ன் அடித்தது.

"மொதல்ல எழுதும்மா!" என்று ஓடினேன்.

தொழிற்சாலையில் கைப்பேசி லாக்கருக்குள் போய்விடும். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணியைப் பார்த்தேன். உதிரிபாகத் தட்டுகளைத் தவறாக மாற்றி அடுக்கினேன். சூப்பர்வைசர் கத்தினார். மறுபடியும் மாற்றி அடுக்கினேன்.

ஆறரைக்கு இடைவேளை. லாக்கரைத் திறந்தேன். மகளின் செய்தி வந்திருந்தது.

"அனுப்பிட்டேன்பா. ரெண்டு பக்கம்தான். அஞ்சுக்கு நாலு நிமிசம் இருந்துச்சு."

"ரெண்டு பக்கம் போதுமா?" என்று அனுப்பினேன்.

"ரெண்டும் நம்மளோடது. போதும்."

சாப்பிடப் போகவில்லை. அந்தப் பெயரை ஒரு விரலால் நானே தட்டினேன். பின்னால் கெடா. லாக்கர் அறையில் லைன் மோசம். அந்தப் பெரட்டுக் களப் படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. வானம். ரப்பர் மர உச்சி. முதல் தலை தெரியும்போது இடைவேளை முடியும் மணி அடித்தது.