மலைவீட்டு வாசலில் ராகுகாலம்

நோர்வேயின் திராமன் நகரில் இருந்த என் கணவரின் தமையன் பழைய கேம்பர் வான் ஒன்றை வாங்கினார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன். உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் இருந்தன. அதன்பிறகு அம்மருட்டில் இருந்த எங்கள் மாடிவீட்டுக்கு வந்தால் மாடி ஏறி வரமாட்டார். கீழே வானை நிறுத்திவிட்டு, எங்களை இறங்கி வந்து அதற்குள் தேநீர் குடிக்கச் சொல்லுவார். என் கணவரும் பல்லை இளித்துக்கொண்டு இறங்குவார்.

"இந்த ஈஸ்டருக்கு மலைக்குப் போறம். வெள்ளையள் எல்லாம் அப்பிடித்தான்," என்றார் ஒருநாள் தமையன்.

"ஸ்கீ ஓடத் தெரியுமோ அத்தான்?" என்று கேட்டேன்.

"ஓட வேணுமெண்டு ஆர் சொன்னது? அங்கை போய் நிண்டாக் காணும்."

நிற்பதற்காக இருநூறு கிலோமீட்டர். ஆனாலும் நான் சம்மதித்தேன். எட்டு வயது மகளுக்காகத்தான். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, எங்கே போனோம், எப்படிச் சறுக்கினோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். முந்தைய வருடம் அந்த நாளில் அவள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இந்த முறை அவளுக்குச் சொல்ல ஏதாவது வேண்டும். கீழ்வீட்டுப் பெண்ணிடம் பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகையும் அதற்கான சப்பாத்தும் இரவல் வாங்கினேன். மகள் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே நடந்து திரிந்தாள்.

சறுக்குமலை அடிவாரத்தில் இரண்டு நாள் கிடந்தோம். தண்ணீர்த் தொட்டி உறைந்தது. சூடாக்கி இருமிவிட்டு நின்றது. வெளியே காலை வைக்க முடியாத காற்று. கொண்டுபோன உடுப்பு முழுவதையும் போட்டுக்கொண்டு நாங்கள் நாலு பேரும் மூட்டைகளாக இருந்தோம். அத்தானின் மூக்கு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

"இதெல்லோ சுகம்," என்றார்.

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர். தமையன் இருட்டைக் காட்டி வெயில் என்றாலும் இவர் ஓம் என்பார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காற்று அடங்கி நல்ல வெயில் எறித்தது. அதிர்ஷ்டமும் கூடவே வந்தது. அத்தானோடு வேலை செய்யும் நோர்வேக்காரர் ஒருவருக்கு அங்கே மரத்தாலான மலைவீடு இருந்தது. அன்று காலை ஊர் திரும்ப இருந்தவர், எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு வீட்டுத் திறப்பையே கையில் கொடுத்தார். ஞாயிறுவரை இருங்கள், போகும்போது விறகு கொத்தி வைத்துவிட்டுக் கூட்டிவிட்டுப் போங்கள் என்றார். பார்த்தவுடன் இரக்கம் வரவைக்கும் லட்சணம் எங்கள் குடும்பத்துக்குத் தாராளமாக இருந்தது.

வானை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் பழகும் சின்னச் சரிவு. அத்தான் இறங்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பத்தரை தாண்டிட்டுது. வெள்ளிக்கிழமை ராகுகாலம். பன்ரண்டு மணி வரைக்கும் உள்ளுக்குப் போகேலாது. போனவுடன பால் காய்ச்ச வேணும்."

இரண்டு நாள் தங்க இரவல் வீடு. அதற்குக் குடிபுகல்! அந்தப் பாலும் கல்லாக உறைந்து கிடந்தது. அவர் அதை மடியில் வைத்து, கோழி அடைகாப்பதுபோல இளக வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பார்த்து என் கணவருக்கு ஆயுளில் முதல் தடவையாக ஒரு யோசனை தோன்றியது. "அண்ணை, கோடை நேரமெண்டு போன மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள். அப்ப ராகுகாலம் பதினொண்டரைக்கெல்லோ துடங்கும்?"

அத்தான் யோசித்தார். பிறகு, எதற்கும் இரண்டு கணக்கையும் சேர்த்து ஒரு மணிவரை இருப்போம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "யாழ்ப்பாணத்தில இப்ப பின்னேரம். உங்கடை ராகு எப்பவோ போயிட்டார்," என்றேன்.

"நீர் சும்மா இரும்," என்றார் கணவர்.

சும்மா இருப்பேனா? நோர்வே அரசாங்கம் சொன்னால் ராகு மணிக்கூட்டைத் திருப்பி வைப்பாரா என்று கேட்டேன். அத்தான் சாத்திரம் சொன்னார். நான் அவருடைய வானின் சாதகத்தைச் சொன்னேன். கெட்டிக்காரத்தனமாகவே கதைத்தேன். ஒவ்வொரு சொல்லும் அவருக்குச் சுட்டது, எனக்கு இனித்தது.

மகள் சப்பாத்தை மாட்டி, ஸ்கீயை அணைத்துப் பிடித்தபடி கதவோரம் இருந்தாள். "அம்மா, நான் இறங்கட்டோ?"

"பொறு, கதைச்சு முடியட்டும்."

இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். அவளைத் தனியே விட முடியாது. நான் கூடப் போனால் கடைசிச் சொல் அத்தானுடையதாகிவிடும்.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்தோம். விறகடுப்பு மூட்டிப் பால் பொங்க இரண்டு மணியாயிற்று; அதுவரையும் எங்கள் வாக்குவாதம் ஓயவில்லை. அத்தான் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது சன்னலுக்கு வெளியே சரிவைக் காணவில்லை. மூடுபனி. அதன்பின் ஞாயிறு காலை நாங்கள் புறப்படும்வரை விடாமல் பனி கொட்டியது. வழிநெடுக மனதுக்குள் அத்தானைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கியது. வகுப்பில் என்ன சொன்னாய் என்று பின்னேரம் மகளிடம் கேட்டேன்.

"வீட்டை நிண்டனாங்கள் எண்டு சொன்னனான்."

"ஏன் பிள்ளை? வானுக்குள்ள இருந்ததை, மலைவீட்டை எல்லாம் சொல்லியிருக்கலாமே?"

அவளிடம் கோபம் இல்லை. "அங்கையும் நீங்கள் சண்டைதானே பிடிச்சனீங்கள். வீட்டிலயும் அதுதானே."

வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் போவதற்குத்தான் அத்தான் ராகுகாலம் பார்த்தார். பனியில் இறங்க அவர் தடை சொல்லவே இல்லை. அவளைப் பொறு பொறு என்று இருத்தி வைத்தது நான்தான்.