திருப்பத்தூர் என்று என்னைக் கூப்பிட்டவர்கள்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நான் சேர்ந்த பெயிண்டிங் கூட்டத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னோடும் மேஸ்திரியோடும் சேர்த்து ஐந்து பேர். ஒருவர் ஆம்பூர், ஒருவர் கிருஷ்ணகிரி, ஒருவர் செய்யாறு.

"ஆம்பூரு, அந்த ஏணிய இப்படித் தள்ளு."

"செய்யாறு எங்க? பீடிக்குப் போயிட்டாரா?"

ஆள் எதிரே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதேதான். மேஸ்திரி மட்டும் மேஸ்திரி. மூன்று தலைமுறையாக பெங்களூரிலேயே இருக்கிற குடும்பம் அவருடையது. வீட்டுக்கார அம்மாக்களிடம் கன்னடத்தில் பேசும்போது, "நம்ம ஹுடுகரு, மேடம்" என்று எங்கள் எல்லாரையும் பையன்களாக்கிவிடுவார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

முதல் நாள் டீக்கடையில் அவர், "எந்த ஊரு?" என்று கேட்டபோது நான் கொஞ்சம் யோசித்தேன். பிறந்தது அரக்கோணம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பா மூட்டை தூக்குகிறவர். வேலை இருக்கிற பக்கமெல்லாம் எங்களையும் கூட்டிப் போனார். ஏழாம் வகுப்பை இரண்டு ஊர்களில் பாதிப் பாதி படித்தேன், முடிக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு ஓசூர், சேலம், ஈரோடு, ஒரு வருஷம் கொல்லம். எல்லாவற்றிலும் அதிக நாள் இருந்தது திருப்பத்தூரில். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் இரண்டரை வருஷம் தட்டு கழுவினேன். அதனால் "திருப்பத்தூர்" என்றேன்.

எட்டு மாதம் அந்த ஊராக இருந்தேன். "திருப்பத்தூரு, செவுத்துக்குப் பட்டிய ஜல்தி கல." "டேய் திருப்பத்தூரு, மேல ஏறித் தூங்கிட்டியா?" ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் செய்யாறு என் அறைக் கதவைத் தட்டி, "திருப்பத்தூரு, உசுரோட இருக்கியா இல்லியா?" என்று கத்தினார். அதற்கு முன்னால் நான் வராததை எந்த ஊரிலும் யாரும் கவனித்ததில்லை.

பிறகு நிஜமான திருப்பத்தூர்க்காரர் ஒருவர் வேலைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். ஒரே ஊர்க்காரர் இரண்டு பேர் இருந்தால் முதலில் வந்தவர் பெரிய ஆள் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

"இனிமே நீ பெரிய திருப்பத்தூரு. இவன் சின்ன திருப்பத்தூரு" என்றார் மேஸ்திரி.

புது ஆளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஊரண்ணே! நீங்க எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'ஊரண்ணே' என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இன்னும் ஒரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒன்பது நாள் அப்படியே ஓடியது. நான் தேய்க்கிற சுவருக்கு அடுத்த சுவரைத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

பத்தாம் நாள் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் தன் அம்மாவுக்கு போன் போட்டு, "நம்ம ஊரண்ணன் ஒருத்தர் இங்க இருக்காரும்மா, பேசு" என்று ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"யாரு வூட்டுப் புள்ளப்பா நீ?" என்றது அந்த அம்மாவின் குரல்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்மா."

"பக்கம் சரி. யாரு வூடு? எனக்குத் தெரியாத வூடா அங்க?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "எனக்கு அந்த ஊரு இல்லம்மா. அங்க ஓட்டல்ல தட்டு கழுவிட்டிருந்தேன்" என்றேன்.

"சரிப்பா. சாப்டியா?" என்றார் அந்த அம்மா. அவருடைய மகன் போனைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரை அணைத்தார்.

"அப்ப நெஜமா எந்த ஊருதான்யா நீ?" என்று ஆம்பூர் கேட்டார். நான் வரிசையாகச் சொன்னேன்.

"யோவ், இது பஸ் ரூட்டு" என்றார் கிருஷ்ணகிரி.

"பேசாம பெங்களூருன்னு வெச்சிடலாம்" என்றார் செய்யாறு.

"ஏய், அது என் ஊருய்யா" என்றார் மேஸ்திரி, வாயில் சோற்றோடு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாருக்கும் கோபம் இல்லை. இருந்திருந்தால் திட்டியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து புது ஆள் வெறும் திருப்பத்தூர் ஆனார். சின்ன என்பது உதிர்ந்துவிட்டது. எனக்கு எதுவும் இல்லை. "உப்புத்தாள் இவருகிட்ட இருக்கும், கேளு" என்று என் எதிரிலேயே சொன்னார்கள். எட்டு மாதமாக வாடா போடா என்றவர்கள், "நீங்க அந்த ரூமப் பாருங்க" என்றார்கள். புது ஆள் என்னை 'சார்' என்றார். ஓட்டலில் கரண்டியால் அடி வாங்கியவன் நான். அது இரண்டு நாளில் ஆறிவிடும்.

யாராவது பழக்கத்தில் மறந்து கூப்பிடுவார்கள் என்று மூன்று வாரம் பார்த்தேன். ஒரு மத்தியானம் சாரத்தின் மேலிருந்து செய்யாறு, "திருப்பத்தூரு, ஏணியப் புடி!" என்று கத்தினார். நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். புது ஆளும் ஓடி வந்தார். செய்யாறு கீழே குனிந்து பார்த்தார்.

"நீங்க இல்லீங்க. அவன்."

ஏணியை அவரிடம் விட்டுவிட்டு நகர்ந்தேன். அந்த வாரக் கடைசியில் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டேன். "ஏங்க, இன்னா ஆச்சு?" என்று அவர் கேட்டார். அந்த 'ங்க'வுக்கு என்ன பதில் சொல்வது? "சும்மாதான்" என்றேன்.

இப்போது அல்சூரில் வேறொரு கூட்டத்தோடு வேலை செய்கிறேன். போன முதல் நாள் அந்த மேஸ்திரியும் அதையேதான் கேட்டார். "எந்த ஊரு?"

"ஆஸ்டின் டவுன்."

"அட, பக்கத்துலயே. அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. ஒன்பது மாசம் இருந்தேன்."

அவர் தலையாட்டிவிட்டு பட்டி வாளியை என் பக்கம் காலால் தள்ளினார். உள்ளே நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பட்டி கலக்கினேன். மத்தியானம் வரை என்னை யாரும் கூப்பிடவில்லை.