மூன்று கிலோவா, முப்பத்தைந்து கிலோவா

என் பேஸ் கிதாரின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்ணச்சநல்லூரில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. வெடிக்கவெல்லாம் இல்லை. சத்தம் மெல்ல அடங்கியது, ஏதோ கருகுகிற வாசனை வந்தது, சிவப்பு விளக்கு அணைந்தது. நான் குனிந்து பார்ப்பதற்கு முன்பே நண்பன் டிரம்ஸை நிறுத்திவிட்டான்.

நாங்கள் வாசிக்கிற இடம் அவனுடைய ரைஸ் மில். ஞாயிறு மெஷின் ஓடாது. குடோனின் ஒரு மூலையில் அவன் டிரம்ஸ், எதிர்ச் சுவரோரம் என் பேஸ் கிதார். முன்பு கிதார் வாசிக்க இன்னொருவன் இருந்தான்; வேலை மாறி ஓசூர் போய்விட்டான். பிறகு நாங்கள் இருவர் மட்டும்தான். வாசிப்பது மெதுவான, கனமான மெட்டல் ராக். தந்திகளை இரண்டு சுருதி இறக்கிவைத்து, ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டு அது தேய்கிறவரை காத்திருக்கிற சங்கீதம். பாட்டு கிடையாது. கிதாரும் இல்லாததால் மொத்த இடத்தையும் என் பேஸ்தான் நிரப்ப வேண்டும்.

மைக்செட் ரிப்பேர் பார்க்கிறவர் ஆம்பைத் திறந்தார். உள்ளே தவிட்டுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. "மில்லுலயே வச்சிருந்தீங்களா? டிரான்ஸ்பார்மரே போயிடுச்சுங்க. இனிமே மெனக்கெடாதீங்க" என்றார்.

ஸ்பீக்கர் பெட்டி நன்றாக இருந்தது. அதன் தலைமேல் உட்காருகிற ஆம்ப், ஹெட் என்பார்கள், அது மட்டும் புதிதாக வேண்டும். இந்த முறை அதை மில்லில் வைக்க முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்ரீரங்கத்திலிருந்து கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். வீடு மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. நான் மருந்து கம்பெனி ரெப். மணப்பாறை, வையம்பட்டி என்று பைக்கிலேயே சுற்றி, இடுப்பு வட்டு ஒன்று விலகி, பெல்ட் போட்டுக்கொண்டு அலைகிறவன்.

டாக்டர்களைப் பார்க்கக் காத்திருக்கிற நேரமெல்லாம் போனில் ஹெட்டுகளைப் பற்றியே படித்தேன். எங்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். இருமுகிறவர்களுக்கும் அழுகிற குழந்தைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வாட்ஸ், ஓம்ஸ் என்று படிப்பேன். எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. பழைய ரேடியோவில் இருப்பதுபோலக் கண்ணாடி வால்வுகள் வைத்த ஹெட்டா, இல்லை இந்தக் காலத்து லேசான டிஜிட்டல் ஹெட்டா? வால்வு முந்நூறு வாட்ஸ், முப்பத்தைந்து கிலோ. டிஜிட்டல் எண்ணூறு வாட்ஸ், மூன்றே கிலோ. வால்வு ஹெட்டில் சத்தத்தை ஏற்றி வாசித்தால் சத்தம் தடித்து, ஓரங்கள் உடைந்து, பழுத்து வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இருபது வயதில் பேஸையே எடுத்தேன். டிஜிட்டல் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம்தான் எனக்குப் பிடிக்காது.

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள்: "முப்பத்தஞ்சு கிலோவை யாரு தூக்குறது? போன வாரம் அரிசிப் பையையே நான்தானே தூக்கிட்டு வந்தேன்?" படிக்கப் படிக்க அலுப்புதான் ஏறியது. இரண்டு மாதம் நாங்கள் வாசிக்கவே இல்லை.

அப்போது பாலக்கரையில் ஒரு சர்ச்சில் பேஸ் வாசிக்கிறவர் தன் வால்வு ஹெட்டை விலைக்குக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். அறுபதை நெருங்கியவர். "வாங்கணும்னு அவசரமில்ல தம்பி. கொண்டாந்து காட்டுறேன், வாசிச்சுப் பாருங்க" என்றார். தெரிந்த கடைக்காரரிடம் டிஜிட்டல் ஹெட் ஒன்றை அந்த ஒரு ஞாயிறுக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து மத்தியானம் அவர் காரில் மில்லுக்கு வந்தார். அவரும் நண்பனுமாக அதைத் தூக்கி வந்தார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். "தரை அதிர்ந்தா வால்வுக்கு ஆகாது, பெட்டிய மூட்டை மேல வைங்க" என்றார் பெரியவர். நான்கு அரிசி மூட்டை அடுக்கி, அதன்மேல் ஸ்பீக்கர் பெட்டி, பெட்டிமேல் ஹெட்.

முதலில் வால்வு ஹெட். முதல் ஸ்வரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சத்தமேதான். ஆனால் பத்து நிமிஷத்தில் எல்லாம் கலைந்தது. நண்பன் தாளத்தில் பிந்தினான், பிறகு முந்தினான். பதினைந்து வருஷமாக அவன் அப்படி வாசித்ததில்லை. ஹெட்டை மாற்றிப் போட்டோம். அப்போதும் அதே தடுமாற்றம்.

"எது நல்லாருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இதுதானா பதில்? அவன் முதுகைக் காட்டி சிம்பல் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருந்தபோது, "கேட்டுத்தான் சொல்றியா, இல்ல சும்மா சொல்றியா?" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார்.

நான் போய் அவன் தோளைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. வலது காது சுத்தமா இல்ல. இடதுல நேரா நின்னு பேசினா கேக்கும்" என்றான். காதைக் கெடுத்தது மில் சத்தம் பாதி, டிரம்ஸின் சிம்பல் தட்டு பாதி.

"அப்புறம் எப்படிடா வாசிச்ச?"

"உன் கீழ் ஸ்ட்ரிங்கோட அதிர்வு தரையில வரும். கால்லயும் ஸ்டூல்லயும் தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டே போவேன். இன்னைக்கு ஒண்ணும் வரல." பிறகு மெதுவாகச் சொன்னான்: "அந்த மூட்டைய எடுத்துடேன்."

வாரம் இரண்டு காது டாக்டர்களைப் பார்க்கிறவன் நான். இவனை ஒருநாளும் கவனிக்கவில்லை. பெரியவர்தான் முதலில் எழுந்து பெட்டியைப் பிடித்தார். மூட்டைகளை எடுத்துவிட்டு, பெட்டியை இழுத்துவந்து அவன் ஸ்டூலுக்குப் பின்னால் சிமென்ட் தரையில் வைத்தோம். அவன் செருப்பைக் கழற்றினான்.

வால்வு ஹெட்டில் வாசித்தேன். தாளம் உடனே உட்கார்ந்தது. கூடவே உள்ளிருந்து கண்ணாடி கிணுகிணுக்கிற சத்தமும் வந்தது. பெரியவர் முகம் சுளித்தார். டிஜிட்டலைப் போட்டோம். அதற்கு அதிர்வைப் பற்றிக் கவலையில்லை. குழம்பாமல் கீழ் ஸ்வரம் நேராகத் தரைக்கு இறங்கியது. நண்பன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

"சின்னதையே எடுத்துக்குங்க தம்பி" என்றார் பெரியவர். "அது ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியக்கூட இழுக்கும். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவருக்கு. என்னோடது காதால கேட்டு ரசிக்கிறதுக்கு." விற்க வந்தவர் அப்படிச் சொன்னார். பிறகு நண்பனும் அவருமாக வால்வு ஹெட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் காரில் ஏற்றினார்கள்.

டிஜிட்டலையே வாங்கினேன். நண்பனைத் தில்லைநகரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அன்றைக்கு ரெப்பாக இல்லாமல் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இப்போது இடது காதுக்கு மெஷின் வைத்திருக்கிறான். வாசிக்கும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காதை அடைக்கிற உறை மாட்டிக்கொள்கிறான். டிரம்ஸுக்கு அடியில் பலகை மேடை போட்டு, புதிதாகச் சேர்த்த இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டியை அதோடு ஒட்டி நிறுத்தியிருக்கிறோம். பலகை அதிர்வதால் சத்தத்தை முன்பைவிடப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

அந்த வால்வுச் சத்தம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். காலால் அழுத்துகிற ஒரு எஃபெக்ட் பெடலை வைத்து ஏறக்குறைய அப்படி வரவழைக்கிறேன், ஏறக்குறையதான். வாரம் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு ஞாயிறு குடோனுக்குப் போகும்போது அரை மணிக்குமேல் நிற்க முடிவதில்லை. அவனுக்கும் கை ஓய்ந்துவிடுகிறது. வாசித்து முடித்ததும் மூட்டைகள் மேல் சாய்ந்துகொள்கிறோம். நான் அவனுக்கு இடதுபுறம் உட்கார்கிறேன்.