எங்கள் இடவழியின் விலையை ஏற்றியவன்

கொல்லயில் ஊரில் எங்கள் இடவழியில், நீங்கள் சந்து என்பீர்களே, அதில் இருக்கும் பதினான்கு வீடுகளின் விலையையும் பொய்யாக ஏற்றிவிட்டவன் நான். தரகர்கள் அல்ல, வளைகுடாப் பணம் அல்ல... நானேதான்! ஒரு கைப்பேசியும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் அதற்குப் போதுமானதாக இருந்தன.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கள் பக்கம் வரப்போவதில்லை என்கிற தைரியம்தான்.

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கணினி முன்னால் உட்காருகிறவன் என்பதால் ஊரில் எனக்கு 'சார்' பட்டம் உண்டு. வினை வந்தது என் மனைவி ஷீலாவின் அண்ணன் வழியாக. அளியன், அதாவது மைத்துனர், எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் இருக்கிறார். ஓணத்துக்கு வந்தவர், பாயசம் குடித்த கையோடு கைப்பேசியை நீட்டினார். வீட்டின் விவரங்களைக் கொடுத்தால் அதன் மதிப்பைச் சொல்லும் இணையதளமாம். அவர் வீட்டுக்கு அறுபத்தொரு லட்சம்!

"அளியா, ஒம்ம வீட்டையும் போட்டுப் பாரும். சும்ம ஒரு ரசத்துக்கு, வெளையாட்டா" என்றார்.

போட்டேன். இருபத்தெட்டு லட்சம். அளியன் சிரிக்கவில்லை. "சாரமில்ல, போட்டும்" என்று என் தோளைத் தட்டினார். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்! ஷீலாதான் சிரித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் வேலையை ஓரம் தள்ளிவிட்டு அந்தத் தளத்தை வரி வரியாகப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது ரகசியம்: அருகிலுள்ள விற்பனை விளம்பரங்களை வைத்துத்தான் மதிப்பைக் கணிக்கிறார்களாம். எங்கள் பக்கத்தில் எவன் விளம்பரம் கொடுக்கிறான்? மண் கைமாறுவது சாயாக்கடையில், தரகர் காதோடு காதாக. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. இரண்டையும் எவரும் வெளியில் சொல்வதில்லை. ஆக, நான் ஒரே ஒரு விளம்பரம் கொடுத்தால்... அதுதான் சந்தை!

கொடுத்தேன். வீடு விற்பனைக்கு, தொண்ணூற்றைந்து லட்சம். படுக்கையறைகள் எத்தனை? ஆட்டுக்கொட்டிலையும் சேர்த்து ஐந்து. மதிலும் கேட்டும் உள்ள குடியிருப்பா? ஆம்; கேட் உண்டே! நீச்சல் குளமா? வீட்டின் பின்னால் குளம் இருக்கிறது, தவளைகள் நீந்துகின்றன. அது பொய்யா? நீங்களே சொல்லுங்கள்!

மூன்றாம் நாள் என் வீட்டின் மதிப்பு எண்பத்து மூன்று லட்சம். படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அளியனிடமிருந்து பதிலே இல்லை. ஆகா, அன்று உண்ட சோற்றின் ருசி!

ஆனால் ஷீலா அந்தப் படத்தை அயல்கூட்ட மகளிர் குழுப் பெண்களுக்கும் அனுப்பிவிட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தங்கப்பண்ணன் வந்து நின்றார். மனைவி இறந்தபிறகு தனிக்கட்டை. நாலு சென்ட் மண்ணையும் வீட்டையும் விற்றுவிட்டு நாகர்கோவிலில் மகளோடு போய் இருக்க நினைத்துக்கொண்டிருந்தவர்.

"மக்கா, எனக்க வீட்டையும் ஒண்ணு பாரு."

ஐம்பத்து நாலு லட்சம் காட்டியது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எலே... நான் ஸ்டெல்லாக்கு இருவத்திரெண்டுக்கு வாக்கு குடுத்தாச்சே!"

ஸ்டெல்லா எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவள். பொழியூர்க் கடற்கரையில் வீடு. போன மழையில் கடல் ஏறி அவளுடைய அடுக்களைச் சுவரைக் கொண்டுபோய்விட்டது. மீன்பிடி வள்ளத்தில் கணவனுக்கு இருந்த பங்கை விற்று, சங்கிலியை விற்று, தங்கப்பண்ணனின் வீட்டுக்காக இருபத்திரண்டு லட்சத்தைத் தேற்றியிருந்தாள். திங்கட்கிழமை முன்பணம் தருவதாக இருந்தது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "அண்ணே, அது ஒரு உத்தேசக் கணக்குதான்" என்று முனகினேன்.

"கம்ப்யூட்டர் கள்ளம் பறயாது மக்கா. நம்ம வாயாக்கும் கள்ளம் பறயும்" என்றார் அவர். எதிரே நிற்கும் பொய்வாயைத்தான் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது!

திங்கட்கிழமை ஸ்டெல்லா முன்பணத்தோடு வந்தாள். தங்கப்பண்ணன் ஐம்பது லட்சம் என்றார். அவள் சண்டை போடவில்லை. காசுப் பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, "சாரே, நல்ல சாளை உண்டு, எடுக்கட்டா?" என்றாள். எடுத்தேன். வறுத்துத் தின்றேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்... இறங்கியது, வெட்கம் கெட்டு இறங்கியது!

ஒரு வாரம் பொறுத்து என் விளம்பரத்தை அழித்தேன். அழித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் அல்லவா? ஆகவில்லை ஐயா! அதற்குள் எங்கள் இடவழியில் பதினொரு பேர் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் என் விலையைப் பார்த்துப் போட்ட விலை. முன்பு 'போதிய தகவல் இல்லை' என்று காட்டிய இடத்தில் இப்போது 'நம்பகத்தன்மை: மிக உயர்வு' என்று பச்சையில் காட்டுகிறது. என் பொய்க்குப் பதினொரு சாட்சிகள்!

அன்றிலிருந்து ஒரு வீடுகூட விற்கவில்லை. தங்கப்பண்ணனும் நாகர்கோவிலுக்குப் போகவில்லை. தினமும் காலையில் எண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னும் கூடும்" என்று சொல்லித் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களை இவ்வளவு தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

ஒரு நாள் ஸ்டெல்லா மீன்பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "சாரே, எனக்க வீட்டுக்கும் அதுல பாத்துச் சொல்லுங்க" என்றாள். என்னால் மறுக்க முடியவில்லை. விவரங்களைக் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். கடற்கரைக்கு எவ்வளவு தூரம்? "முப்பதடி இருக்கும்" என்றாள். தளம் மூன்று நட்சத்திரம் போட்டது. கடலோர வீடு, கடல் தெரியும் அறைகள், மதிப்பு நாற்பத்தேழு லட்சம்! அடுக்களையிலிருந்து கடல் தெரிவது உண்மைதான். சுவர் இல்லையே!

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது உள்ளதா சாரே?"

பாருங்கள், அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. இல்லை, பொய் என்று சொல்லலாம். சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். அதற்கு நான் என்ன சொல்வது? ஆட்டுக்கொட்டிலைப் பற்றியா? தவளைகளைப் பற்றியா? "உள்ளதாக்கும்" என்றேன்.

"அப்போ தங்கப்பண்ணன்கிட்ட சொல்லுங்க, வேற ஆருக்கும் குடுக்கண்டாம்னு. இத வித்துட்டு நான் வாறேன்" என்றாள். அந்தத் தளத்தில் அவளுடைய விளம்பரத்தை ஏற்றிக் கொடுத்ததும் நானே. காசு வாங்கவில்லை என்பதை என் நற்குணத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்!

வாங்க ஒருவரும் வரவில்லை. ஆனால் அவள் நம்புகிறாள். மீன் கொடுக்கும்போது இரண்டு மீன் கூடுதலாகப் போடுகிறாள். வேண்டாம் என்றால், "இருக்கட்டும் சாரே, நீங்க செய்த உதவிக்கு" என்கிறாள்.

போன வாரம் வந்தாள். தலைமுடி எல்லாம் உப்பு. கடலுக்கு உள்ள தூரத்தை மாற்றிப் போடச் சொன்னாள்.

"எவ்வளவு போடட்டும்?"

"இனி தூரம் ஒண்ணும் இல்ல சாரே. வாசப்படியிலதான் நிக்கிது."

பூஜ்யம் என்று போட்டேன். திரையில் வட்டம் ஒரு கணம் சுழன்றது. பிறகு எண் வந்தது.

"கூடிச்சா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"கூடிச்சு" என்றேன். "ரெண்டு லட்சம்."