பெடல் மேல் ஒரு கால்

இது நள்ளிரவில் நடந்ததென்று சொன்னால் நீங்கள் சுலபமாக நம்பிவிடுவீர்கள். ஆனால் நடந்தது பட்டப்பகலில், பீளமேட்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. மெக்கானிக்கல் படித்தவன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் மனைவி லோகப்பிரியா இறந்து அப்போது ஏழு மாதம். டெங்கு. மருத்துவமனையில் சேர்த்த வாரமே முடிந்துவிட்டது. அதன்பிறகு எனக்குப் பசி தெரியவில்லை. பயமும் தெரியவில்லை. அவிநாசி ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பதைக்கூட விட்டிருந்தேன்.

சுந்தரராஜுலு மில் குடும்பத்துக்காரர். பழைய வண்டிகள் என்றால் அவருக்கு உயிர். மூடிக் கிடக்கும் தன் மில்லின் பஞ்சுக் குடோனில், ஏலத்தில் எடுத்த ஒரு ராணுவ லாரியை நிறுத்தியிருந்தார். அதைச் சரிசெய்து ஓடவைக்கும் வேலை எனக்கும் என் கல்லூரித் தோழன் பஷீருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேக் வேலை. ஆற்றுக்குள் இறங்கி ஏறுவதற்கென்றே செய்த வண்டி அது. பிரேக் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிடக் கூடாது என்று, சிலிண்டரிலிருந்து ஒரு காற்றுக் குழாய் கேபின் உயரத்துக்கு ஏறும். வெண்ட் லைன் என்போம். பிரேக் லைன், வெண்ட் லைன் எல்லாவற்றையும் புதிதாக வளைத்து மாட்டிக்கொண்டிருந்தோம்.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கேபினில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாகக் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் கம்ப்ரசர் ஓடியதால் பேச்சு எடுபடாது. அதனால் டவுன் பஸ் கண்டக்டரின் விசில் கணக்கு. அடியிலிருந்து நான் ஸ்பேனரால் சேஸிஸ் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால், மிதித்துப் பிடி. இரண்டு தட்டினால், விட்டுவிடு. பெடல் கீழே போனதும் பஷீர் காலால் கேபின் தகட்டில் ஒரு தட்டு தட்டிப் பதில் சொல்வான்.

எல்லாச் சக்கரங்களும் முடிந்தன. பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒழுக்கு இருக்கிறதா என்று ஒவ்வோர் இணைப்பையும் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு வெண்ட் லைனின் மேல்முனையை மாட்டினால் வேலை தீர்ந்தது.

ஒரு தட்டு தட்டினேன்.

டங்... பதில் வந்தது.

கனமான தட்டு. பஷீர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. இதுவோ, லாடம் அடித்த பூட்ஸ் தட்டியது போலிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சக்கரத்துக்கு வைத்திருந்த மரக்கட்டை என் தோளை இடித்தது. அதை உருவித் தள்ளிவிட்டேன். வேறு எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்யமாட்டான். ஹேண்ட் பிரேக் கேபிள் இன்னும் மாட்டவில்லை. கியரில் நிற்கவும் வழியில்லை, இன்ஜினைச் சக்கரத்தோடு இணைக்கும் ஷாஃப்ட் கழன்று கிடந்தது. லோடு இறக்க வசதியாகக் குடோன் தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருந்தது. என் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி முன்சக்கரம். ஐந்து டன் வண்டியை நிறுத்தியிருந்தது பெடல் மேலிருந்த ஒரு கால். தெரிந்தேதான் படுத்திருந்தேன்.

இணைப்பு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒழுக்கு இல்லை. ஆனால் கேபின் அடியிலிருந்து என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில் இல்லை. தண்ணீர். ஜில்லென்றிருந்தது. பாசி வாடை.

மணி 1.20. கரண்ட் போனது. கம்ப்ரசர் நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சிலிண்டரிலிருந்து வந்து, மேலே இன்னும் மாட்டாத வெண்ட் லைனின் முனை என் காதருகே தொங்கியது. அதற்குள் காற்று போய்க்கொண்டிருந்தது. பிறகு வந்தது. மறுபடி போனது... மறுபடி வந்தது. பெடல் ஏறி இறங்கினால் அதில் லேசாகக் காற்று அசையும். அழுத்திப் பிடித்திருக்கும்போது அசைய வழியே இல்லை.

அது மெதுவாக, இழுத்து இழுத்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"டேய், மேல என்னடா பண்ற?" என்றேன்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பஷீர்.

"மாப்ள, இங்க கூட்டம் சாஸ்தியாக் கெடக்குது. உனக்குச் சிக்கனா, மட்டனா?"

"எங்கடா இருக்கிற?"

"ஹோப்ஸ்ல, பிரியாணிக் கடையில. கத்திச் சொல்லிப்போட்டுத்தான வந்தேன்? காது அவிஞ்சு போச்சா?"

"எப்பக் கெளம்புன?"

"அரை மணி நேரம் இருக்கும். ஏண்டா?"

போனை அணைத்தேன். சக்கரத்தைப் பார்த்தேன். அசையவில்லை. மேலே யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. வந்தது வேறு. எங்கள் பழைய காருக்கு நான் பிரேக் வேலை பார்க்கும் ஞாயிறுகளில், சீட்டில் உட்கார்ந்து பெடல் மிதித்தவள் பிரியா.

"பிரியா...?" என்றேன்.

வெண்ட் லைனில் மூச்சு நின்றது. கேட்பது போல.

"நீயா?"

டங்.

ஒரே தட்டு. மிதித்திருக்கிறேன் என்று பொருள். என் கையில் ஸ்பேனர் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் போதும், அவள் இருக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கையைத் தூக்கியேவிட்டேன்.

அப்போது ஒன்று உறைத்தது. பிரியா ஒருநாளும் நான் சொல்லும்வரை பிடித்ததில்லை. "ஏனுங்க, காலு வலிக்குதுங்க" என்று பாதியிலேயே விட்டுவிடுவாள். நானும் திட்டுவேன். அவளும் சிரிப்பாள். இந்தக் கால் இத்தனை நேரமாக ஒரு நூல்கூடத் தளரவில்லை.

இது அவள் இல்லை.

ஏழு மாதத்துக்குப் பிறகு எனக்குப் பயம் வந்தது.

உள்ளங்கை வேர்த்தது. ஸ்பேனர் நழுவியது. சேஸிஸில் மோதியது.

டங்.

துள்ளி மறுபடி மோதப்போனது. இரண்டாவது தட்டு...

பிடித்துவிட்டேன்.

மேலே இரும்பு முனகியது. சக்கரம் நின்றபடியே நின்றது.

ஸ்பேனரை நெஞ்சோடு அணைத்தேன். முதுகால் ஊர்ந்தேன். பட்டன்கூட இரும்பில் உரசக் கூடாது.

தண்ணீர் இப்போது நிற்காமல் சொட்டியது.

முகத்தில்.

வாயில்.

ஆற்றுத் தண்ணீர்.

தலை வெளியே வந்தது. இடுப்பு. கால்.

எழுந்து கேபினைப் பார்த்தேன்.

யாருமில்லை. சீட் ஈரம். பெடல் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

ஓடினேன்.

கேட்டருகிலேயே நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பஷீர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேயைக் கண்டவன் மாதிரி நிற்கிறாயே என்று கேலி செய்தான். நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். பிறகு பேண்ட் பையில் கைவிட்டு ஒரு சின்ன இரும்புப் பின்னை எடுத்துக் காட்டினான். பெடலையும் பிரேக் சிலிண்டரையும் சேர்க்கும் பின் அது. கேபினை விட்டு இறங்கும்போது, வேறு யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றிக்கொள்வது அவன் பழக்கம்.

"இது இல்லாம அந்தப் பெடல மிதிச்சா ஒண்ணுமே புடிக்காதுடா" என்றான். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் சுந்தரராஜுலு கூப்பிட்டார். நடந்ததைக் கேள்விப்பட்டு, வண்டியை ஏலத்தில் எடுத்துக் கொடுத்த தரகரிடம் விசாரித்திருக்கிறார். வடக்கே ஒரு மலையாறு. கரைச் சரிவில் இறங்கும்போது வெள்ளம் வந்துவிட்டதாம். பின்னால் இருந்த சிப்பாய்கள் குதிக்கும்வரை வண்டி ஆற்றுக்குள் உருளாமல் டிரைவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கிறார்.

"எல்லாரும் எறங்கித் தப்பிச்சுட்டாங்க தம்பி. பின்னால தட்டிச் சொன்னாத்தான் ஆளுக எறங்குனது அவருக்குத் தெரியுமுங்களாம். அவசரத்துல ஒருத்தரும் தட்டலீங்க. தண்ணி வடிஞ்சு பாக்கறப்பவும் காலு பெடல் மேலயே இருந்துச்சுங்களாமா."

பிறகு, வண்டியை எப்போது வந்து நகர்த்தித் தருகிறாய் என்று கேட்டார். கட்டை இல்லாமல், பின் இல்லாமல், அந்தச் சரிவில் அது இன்னும் அப்படியே நிற்கிறதாம். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளியும் ஓர் அங்குலம் நகரவில்லையாம்.

நானும் அந்த இரண்டு தட்டைத் தட்டாமல்தான் ஓடி வந்தேன்.