பதினொன்றாவது தட்டு

எங்கள் அத்தை தைக்கிற நேரத்தைவிடச் சும்மா நிற்கிற நேரம்தான் அதிகம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இதை வைத்தே அவரைக் கேலி செய்வார்கள். எனக்கு மட்டும் அதில் ஏகப் பெருமை. அவர் சும்மா நிற்கும்போது பக்கத்தில் நிற்கிற உரிமை எனக்குத்தான் இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு தோட்டத்து வீட்டில் இருந்தார். ரவாங்கில் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் வேலை. விடிவதற்கு முன் ஃபேக்டரி பஸ் ஏறினால் சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்புவார், கையில் ஒரு பை நிறைய வெட்டுத்துணியோடு. ஃபேக்டரியில் குப்பைக்குப் போகிற துண்டுகள் அவை. சூப்பர்வைசரிடம் கேட்டே எடுத்துவருவார். குளித்து, ஒரு மங்கு கோப்பி குடித்தபின், முன்னறையின் குறுக்கே கயிறு கட்டிப் பழைய கொசுவலை ஒன்றைத் தொங்கவிடுவார். துணித்துண்டுகளைக் குண்டூசியால் அதில் குத்துவார். பிறகு வாசலைத் தாண்டி வெளியே சாக்கடைக் காண் ஓரமாகப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் பார்ப்பார். அரை மணி நேரம் பார்ப்பார். உள்ளே வந்து ஒரே ஒரு துண்டை இடம் மாற்றுவார். மறுபடி காண் ஓரம். நாங்கள் சோற்றுத் தட்டோடு அந்தக் கொசுவலையைச் சுற்றிக்கொண்டுதான் போய்வர வேண்டும்.

“மொதல்ல எது கண்ணுல படுது?” என்று என்னைக் கேட்பார்.

நான் ஒன்பது வயதுக்காரி. யோசிக்காமல் பச்சை என்பேன். “அப்ப அது அங்க இருக்கக்கூடாது” என்று அந்தப் பச்சையை எடுத்துவிடுவார். என் சொல்லைக் கேட்டு நடந்த பெரியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அந்த வருஷம் அக்காவுக்குக் கெர்லிங்கில் மாப்பிள்ளை அமைந்தது. பரிசம் எங்கள் வீட்டில். பழம், பலகாரம், மாப்பிள்ளை வேட்டி என்று எங்கள் பக்கத்தில் பத்துத் தட்டு சேர்ந்திருந்தது. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா தவித்துக்கொண்டிருக்க, பதினொன்றாவது தன் போர்வை என்று அத்தை சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஒட்டுத்துணி என்றாலே கிழிசல் ஞாபகம்தான் வரும். ஆனாலும் தங்கை ஆசையாகக் கேட்கிறாளே என்று தலையாட்டினார்.

தலையாட்டியது போர்வையைப் பார்ப்பதற்கு முன்பு. கொசுவலையில் அது வளர வளர அவர் முகம் சுருங்கியது. போர்வை முழுக்கக் கறுப்பு. அதன் நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள், ஒரு மஞ்சளைப் போல இன்னொரு மஞ்சள் இல்லை. தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புகிற வீடுகளில் விடியுமுன் விளக்கு எரியும்போது, பஸ்ஸின் பின் சீட்டிலிருந்து அத்தை தினமும் பார்க்கிற எங்கள் லயம் அது. ஒரே ஒரு மஞ்சளுக்குள் மட்டும் நகத்தளவு சிவப்பு. அது எங்கள் வீட்டுச் சாமி விளக்கு.

“நல்ல காரியத்துக்கு யாராச்சும் கறுப்பு வைப்பாங்களா? சம்மந்தி வீட்டுக்காரங்க தட்டோட திருப்பி விட்ருவாங்க” என்றார் அப்பா.

“கறுப்ப எடுத்துட்டா மஞ்சள் தெரியாதுண்ணே” என்றார் அத்தை.

“தெரியாட்டி போவுது லா. நீலம் வை, பச்சை வை. கறுப்பு இருந்தா அந்தத் தட்டு வெளிய வராது.”

அத்தை மறுநாள் நாலு மணிக்கு வந்து, மஞ்சளைச் சுற்றி நீலத் துண்டுகளைக் குத்தினார்; காண் ஓரம் போய் நின்றார்; வந்து எடுத்துவிட்டார். பச்சையும் அதே கதிதான். என்னைக் கேட்டார். “ஒண்ணுமே கண்ணுல படல அத்தை” என்றேன். அதோடு கறுப்பையே தைக்க உட்கார்ந்துவிட்டார். பரிசத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. இவ்வளவு அழகான ஒன்று பீரோவுக்குள் கிடக்கப்போகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை.

அதனால் நானே களத்தில் இறங்கினேன். போர்வை தைத்து முடிந்த அன்று, செம்பனைக் காய் ஏற்றுகிற லோரி ஓட்டிவிட்டு அப்பா அசந்து உட்கார்ந்திருந்தார். மங்கல் பல்பு வெளிச்சத்தில், மடித்த போர்வையின் ஓரத்தையும், நான் பள்ளிக்குப் போடுகிற கருநீல பினஃபோரையும் அவர் மடியில் வைத்தேன். “அத்தை எல்லாத்தையும் பிரிச்சிட்டாங்கப்பா. இப்ப இருக்கறது கருநீலம், என் பினஃபோர் மாதிரி” என்றேன். அப்பா இதையும் அதையும் தடவிப் பார்த்தார். “நீலந்தானே?” என்றார். “நீலந்தாம்பா” என்றேன். அவர் நம்பினாரா, நம்பிவிடலாம் என்று முடிவு செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன். பரிசத்தன்று அப்பாவே போர்வையைத் தட்டில் வைத்துக் கடைசியாகப் பாயில் இறக்கினார். அண்ணன் மனது இறங்கிவிட்டது என்று அத்தை நினைத்திருக்க வேண்டும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த மாப்பிள்ளையின் அம்மா, போர்வையை எடுத்து விரித்தார்.

“என்னா சம்மந்தி இது? கறுப்பா?”

“கறுப்பு இல்ல, கருநீலம்” என்று நான் முந்திக்கொண்டேன். “என் பினஃபோர் கலர்.”

“ஆமா சம்மந்தியம்மா, நீலந்தான்” என்றார் அப்பா.

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாவின் முகமும் தெளிந்தது. எல்லாம் அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் குசினிப் பக்கம் நின்ற அத்தை என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நேராக நடந்து வந்தார்.

“கறுப்புதாங்க. எங்க லயத்து விடியக்கால இருட்டு அது. வேற கலர்ல வச்சுப் பார்த்தேன், சரியா வரல. வேணாம்னா எடுத்துக்கறேன், தப்பா நெனைக்க மாட்டேன்.”

அப்பா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போர்வையைத் திருப்பி, பின்பக்கத் தையலை விரலால் வருடிக்கொண்டே போனார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

“இதுல உங்க வீடு எதும்மா?”

காலையிலிருந்து தலை நிமிராத அக்கா, கையை நீட்டிச் சிவப்பைத் தொட்டுக் காட்டினாள்.

“கறுப்பு கறுப்புதான்” என்றார் அந்த அம்மா. “ஆனா இத திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வரல லா.” போர்வையை மடித்துத் தட்டில் வைக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தை அன்று நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அன்றைக்கு வந்தது வெறும் கோபம். பாயசம் வேண்டாம் என்று பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அத்தை தேடி வந்தார்.

“நான் எவ்ளோ கஷ்டப்பட்டு அப்பாகிட்ட சொல்லி வச்சேன். நீங்க எதுக்கு அத்தை கறுப்புன்னு சொன்னீங்க?”

“நீலம்னு நெனச்சு எடுத்துட்டுப் போனாங்கன்னா, அது நான் தச்சது இல்லையே.”

அத்தைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாகிவிட்டது. கோபத்தை மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்கதான் அத்தை தச்சீங்க” என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்.”