அவர் தொடவே இல்லை

இன்று மதியம் மலேசியாவின் ரிங்லெட்டில் என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் வீட்டுத் தண்ணீர் பம்பின் கருகிய கண்ட்ரோல் போர்டு.

"கரண்டு டப்புனு போச்சு தம்பி. அப்பவே புகைஞ்சிருச்சு. நான் தொடவே இல்ல லா!"

குரலில் ஆள் தெரிந்துவிட்டது. எண்பதுகளில் எங்கள் தேயிலை ஃபேக்டரியின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

அன்று இலை வாட்டும் காற்றாடிகள் என் பொறுப்பில் இருந்தன. ஒருநாள் மழையில் டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கர் டிரிப் ஆனது. கரண்டு அறுபட்ட அந்தக் கணத்தில் வோல்டேஜ் எகிறி, காற்றாடி மோட்டாரை ஓட்டும் புது டிரைவ் பெட்டி வெடித்தது.

கரண்டு திரும்பியும் காற்றாடி சுற்றவில்லை. குவிந்திருந்த இலை சூடேறிச் சிவந்து கெட ஆரம்பித்தது. வெறுங்கையால் கிளறிக்கொண்டிருந்தபோது தோட்ட மேனேஜர் துரையின் கார் மேடேறும் சத்தம் கேட்டது.

துரை உள்ளே நுழைந்ததுமே கிராணி என்னைக் காட்டினார். "இவன்தான் எதையோ தொட்டுட்டான்."

"நான் தொடவே இல்லிங்கய்யா."

மறுநாளிலிருந்து எனக்குப் புல் வெட்டும் வேலை.

இன்று அவர் தன் மகனுக்கு ஃபோன் போட்டு என்னிடம் நீட்டினார். "நான்தான் கெடுத்தேன்னு கத்துறான் தம்பி. நீயே சொல்லு."

சொன்னேன். "வோல்டேஜ் எகிறுனதுல போயிருக்குங்க. உங்கப்பா தொடவே இல்ல."

பெரியவருக்கு உயிர் வந்தது. "நல்லவேளை, உண்மையச் சொல்ல ஒரு ஆளா நீ இருந்த."

கையில் ஸ்பேனர் இருந்தது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்களாக இருந்தால்?